முதல் தட்டை இறக்கச் சொன்னது யார்?

என் ஆசை அண்ணனுக்கு,

எந்த விலாசம் எழுதுவது என்று தெரியாமல் உன் தங்கச்சி சரசு எழுதுகிறேன். நீ இருந்தவரைக்கும் நமக்குள் கடிதப் போக்குவரத்தே கிடையாது. தொண்டியில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் உன் வாசலில் நிற்பேன், கடிதம் எதற்கு? இப்போது நீ போய் ஆறு வருடம் ஆகிறது. உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணியாததை இனி எழுதித்தான் சொல்லவேண்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. இந்த வருடம் மிளகாய் பரவாயில்லை, பூ நேரத்தில் ஒரு மழை தாராளமாக விழுந்தது. மதினிக்கு முழங்கால் வலி, தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். உன் மகன் போஸுக்கு இருபத்தாறு வயது முடிந்துவிட்டது, பெண் பார்க்கிறோம். அவனுக்கும் பிரஷர் இருக்கிறது அண்ணே.

போன மாதம் மதினிக்குப் பார்க்கத்தான் மெஷினை எடுத்தேன். விளையாட்டாக அவனும் கையை நீட்டினான். முதல் தடவை பார்த்ததும் மெஷின் கோளாறு என்று நினைத்தேன். தண்ணீர் கொடுத்து, கொஞ்ச நேரம் சும்மா உட்காரவைத்து மறுபடி பார்த்தேன். கடைசிக் காலத்தில் உனக்கு இருந்த அதே அளவு. அவனுக்கு பீடி கிடையாது, குடி கிடையாது, உடம்பில் ஒரு பிடி கொழுப்பு கிடையாது. பட்டையைக் கட்டும்போது கையை இறுக்கி மூடிக்கொண்டே இருந்தான்.

"ஏலே, தூங்குறியா ஒழுங்கா?" என்று கேட்டேன்.

"தூக்கம் எங்கிட்டு வருது அத்தை? கண்ண மூடுனா அந்த வீடுதேன் முன்னால வந்து நிக்குது" என்றான்.

எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. எதிர்த்த தெருவில் நிற்கும் சண்முகண்ணனின் மாடிவீடுதான். நம் சித்தப்பா மகன், நம்மோடு ஒரே சட்டியில் கூழ் குடித்து வளர்ந்த சண்முகவேலின் வீடு.

இன்னொரு செய்தியும் உண்டு. பதினோரு வருடமாகப் பூட்டிக் கிடக்கும் அய்யனார் கோயிலைத் திறந்து இந்தப் பங்குனியில் கும்பிடலாம் என்று ஊர்க்கூட்டம் போட்டார்கள். பெரியவர்கள் எல்லாரும் சரி என்று சொல்லும் நேரத்தில் போஸ் எழுந்து நின்றிருக்கிறான். "எங்கய்யாவோட உரிமையப் பறிச்சு, அவரு சீர்த்தட்டுக்கு முந்தித் தன் தட்டை எறக்கி வச்சாரே சண்முகச் சித்தப்பா, அதுக்கு இங்கன, இந்த எடத்துல மன்னிப்புக் கேக்கணும். இல்லைன்னா ஒருத்தனும் கோயில் கதவுல கை வைக்கமுடியாது" என்றிருக்கிறான். சண்முகண்ணன் மகன்கள் இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள். "எங்கப்பா ஒன்கிட்ட தலை குனிஞ்சாருன்னா அன்னைக்கு நீ நடக்குறதுக்குக் கால் இருக்காது" என்று பெரியவன் சொன்னானாம். கூட்டத்தை வருகிற வெள்ளிக்கிழமைக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் இளவட்டங்கள் இப்போதே கூட்டம் கூட்டமாக நிற்கிறார்கள்.

மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் போஸ் கேட்கிற மன்னிப்பைச் சொல்லவேண்டியது சண்முகண்ணன் இல்லை.

கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன், கோபப்படாமல் கேள். எழுபதுகளில் மழை பொய்த்துப் போன அந்த இரண்டு வருடம் உனக்கு நினைவிருக்கும். கண்மாய் வெடித்துக் கிடந்தது. அம்மா வயிற்றில் ஈரத்துணி கட்டிக்கொண்டு படுத்தாள். எனக்கு அடுத்துப் பிறந்த தம்பி வயிற்றுப்போக்கில் போனதும் அப்போதுதான். அது நல்ல காலம் என்று யாராவது என்னிடம் சொன்னால் அறைந்துவிடுவேன். ஆனால் சித்தப்பா வீட்டு அடுப்பும் நம் வீட்டு அடுப்பும் ஒரே நாளில்தான் அணைந்தன. அந்த வருடங்களில் நம் ஊரில் ஒருவன் இன்னொருவனை அடித்ததாக எனக்கு நினைவில்லை.

பிறகு சண்முகண்ணன் சவுதிக்குப் போனார். போனவர் திரும்பி வந்து வீடு கட்டினார், மாடி கட்டினார், மாடி மேல் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்தார். உனக்கு மட்டும் என்ன குறை? கூரை போய் ஓடு வந்தது. சைக்கிள் வந்தது, டேப் ரிக்கார்டர் வந்தது. இரண்டு வேளை நெல்லுச்சோறு. நம் அய்யா கனவில்கூடக் காணாத வாழ்க்கை. அப்படியிருந்தும் நீ வற்றிப்போனாய். அது ஏன் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை.

நான் இருபத்தெட்டு வருடமாகக் கிராம நர்ஸ் வேலை பார்க்கிறவள். ஊர் ஊராகப் போய்க் கையில் பட்டை கட்டிப் பார்த்திருக்கிறேன். உப்பு எவ்வளவு, பீடி எத்தனை, தூக்கம் எப்படி என்று கேட்டு எழுத எங்கள் நோட்டில் கட்டம் உண்டு. யாரைப் பார்த்தால் உனக்கு மனசு குறுகிப்போகிறது என்று கேட்டு எழுதக் கட்டம் கிடையாது. பசியில் கிடந்த ஊர்களில் நான் பார்த்த நோய் வேறு. சாப்பாட்டுக்குக் குறைவில்லாமல், ஆனால் ஜன்னலைத் திறந்தால் இன்னொருவனின் மாடி தெரிகிற ஊர்களில் பார்த்த நோய் வேறு. படித்த டாக்டர்கள் இதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்களோ, எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் உன் கைதான்.

ஒருநாள் காலையில் நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஊருணியில் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். சண்முகண்ணன் வீட்டு மோட்டாரை நிறுத்த மறந்து, தொட்டி நிறைந்து தண்ணீர் மாடியிலிருந்து தெருவில் கொட்டுகிறது. "வயித்துக்கு இல்லாதப்பக்கூட இப்பிடி எரியலத்தா. அந்தத் தண்ணி விழுற சத்தம் கேட்டா என் நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுது" என்றாய். நான் மாத்திரையை விடாமல் சாப்பிடு என்றேன். வேறு என்ன சொல்லத் தெரிந்தது எனக்கு?

அந்த வீட்டிலும் யாரும் நிம்மதியாக இருந்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிட்டார்கள். வாசலில் பூசணிக்காய், நிலையில் எலுமிச்சை, மாடியில் பூதத்தின் முகம். ஊர்க்கண்ணுக்குப் பயந்து பயந்தே அந்த அண்ணி எலும்பாகிப் போனார். யாராவது வாசலில் நின்று 'சவுக்கியமா' என்று கேட்டால், என்ன உதவி கேட்க வந்திருக்கிறார்களோ என்று பார்க்கிற முகம் வந்துவிட்டது அவர்களுக்கு.

இனி நான் செய்தது.

என் மகள் சுமதி வயசுக்கு வந்து சடங்கு வைத்தோம். அதற்கு முந்திய வருடம்தான் என் ஓரகத்தி மகளுக்குச் சடங்கு. அவள் அண்ணன்மார் வேன் வைத்து, மேளம் வைத்து, தெரு நிறையத் தட்டுத் தூக்கி வந்தார்கள். "ஒங்க பொறந்த வீட்டுல என்ன கொண்டாருவாக?" என்று அவள் என்னைக் கேட்காத நாள் கிடையாது. நான் அவளைத் திட்டவில்லை, உன்னைத்தான் மனசுக்குள் திட்டினேன். எங்கள் அண்ணனால் என்ன கொண்டுவர முடியும் என்று.

கூடப்பிறந்த தாய்மாமன் தட்டை இறக்கின பிறகுதான் மற்ற மாமன்மார் இறக்கவேண்டும். நம் பக்கத்தில் இதை மீறி நான் பார்த்ததில்லை. அன்றைக்கு உன் பஸ் ஆர்.எஸ். மங்கலத்திலேயே பழுதாகி நின்றுவிட்டது. சண்முகண்ணன் பேண்டு வாத்தியத்தோடு வந்து வாசலில் நிற்கிறார். தட்டுகளைத் தூக்கிய பெண்கள் வெயிலில் நிற்கிறார்கள். வீடியோக்காரன் அவசரப்படுத்துகிறான். என் வீட்டுக்காரர் பக்கத்துச் சனம் முழுக்க வாசலுக்கு வந்து வாயைப் பிளந்து பார்க்கிறது. ஓரகத்தி முகம் சுண்டிப்போனது. அதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை அண்ணே.

சண்முகண்ணன், "அண்ணன் வரட்டும் சரசு, பொறு" என்றார். இரண்டு தடவை சொன்னார்.

நான்தான், "அவரு வந்தா வாராரு. நீங்க எறக்கி வைங்கண்ணே, நேரம் போகுது" என்றேன்.

அவர் இறக்கினார். வீடியோவில் அது இன்னும் இருக்கிறது, சத்தத்துக்குப் பதிலாகப் பாட்டுப் போட்டிருப்பதால் நான் சொன்னது மட்டும் கேட்காது. ஒரு மணி நேரம் கழித்து நீயும் மதினியும் வேறு பஸ் பிடித்து இறங்கி, சாக்குக்குள் தட்டுகளை வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தீர்கள். சேலை, வளையல், பச்சரிசி, உளுந்து, இரண்டு கோழி. கூடம் முழுக்கத் தட்டு நிறைந்திருந்ததால் உன் தட்டுக்கு இடமில்லை. அடுப்படி வாசல் பக்கம், பாத்திரங்களுக்கு நடுவில் வைத்தாய். சுமதிக்கு மாமன் மாலையைப் போட்டுவிட்டு, கை நனைக்காமல் கிளம்பினாய்.

பின்னாலேயே ஓடிவந்தேன். "யாருத்தா மொதல்ல எறக்கச் சொன்னது?" என்று கேட்டாய். உன் கண்ணைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது.

"நான் சொல்லச் சொல்லக் கேக்கலண்ணே. அவருதேன் எறக்கிட்டாரு" என்றேன்.

நீ தலையை ஆட்டிவிட்டு நடந்தாய். அந்த ஒரு பொய்தான் அண்ணே. சொல்ல இவ்வளவு நேரம்கூட ஆகவில்லை.

அப்புறம் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். நான் பொய் சொன்னேன், சரி. நீ ஏன் ஒரு நொடியில் நம்பினாய்? அதற்குப் பத்து வருடம் முன்னால் இதையே சொல்லியிருந்தால், "போடி கிறுக்கி, நம்ம சம்முகமா அப்பிடிச் செய்வான்?" என்று சிரித்திருப்பாய். நடுவில் அந்த மாடி வந்துவிட்டது. அவர் எதைச் செய்தாலும் அதில் திமிர் இருக்கும் என்று நம்ப நீ தயாராக இருந்தாய். நானும் உன்னைப் பற்றி அப்படித்தானே நினைத்தேன்? உன் தட்டு சின்னது என்பதால் நீ வரும்வரை காத்திருப்பது வீண் என்று நினைத்தேன். அந்த மாடி என் கண்ணிலும்தான் இருந்திருக்கிறது.

மூன்று வருடம் கழித்து அய்யனார் கோயில் கும்பிடு. கிடாய் வெட்டி, ஊரில் உள்ள தலைக்கட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவாகக் கறியைப் பிரித்துக் கூறு போடுவது நீதான். யாரும் குறை சொன்னதில்லை, ஏனென்றால் கூறு போடுகிறவன் எல்லாரும் எடுத்தபின் மிச்சமிருக்கும் கூறைத்தான் தன் வீட்டுக்கு எடுத்துப் போகவேண்டும். அந்த வருடம் எல்லாக் கிடாயும் சண்முகண்ணன் உபயம். எனவே அவருக்குத்தான் முதல் கூறு என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நீ என்ன செய்தாய் என்று மதினி பிறகு அழுதுகொண்டே சொன்னார். அவருக்கென்று வைத்த முதல் கூறில் மேலே தொடைக்கறியைப் பரப்பி, அடியில் குளம்பும் எலும்பும் சவ்வும் வைத்திருந்தாய். ஈரலில் ஒரு துண்டுகூட அதில் வைக்கவில்லை. கூறு போடுகிறவன் இப்படிச் செய்யலாமா அண்ணே? நீயா செய்தாய்? ஊரில் யாரும் உன் கையைச் சந்தேகப்பட்டதில்லை. அந்தக் கையை ஒரு குளம்புக்காக விற்றுவிட்டாயே.

சண்முகண்ணன் வீட்டு அண்ணி தன் பிறந்த வீட்டு விருந்தாளிகள் முன்னால் கறி இருந்த ஓலைப்பெட்டியைக் கவிழ்த்திருக்கிறார். சண்முகண்ணன் பெட்டியோடு திரும்பி வந்து, "கூறு போட்ட கை சரியில்லண்ணே" என்றார். "என் எடத்த எடுத்துக்கிட்டவனுக்கு எலும்பு போதும்" என்றாய். அவர் மச்சினன் உன் சட்டையைப் பிடித்தான். அங்கே இருந்ததோ கறி வெட்டுகிற அரிவாள்கள். மச்சினனுக்கு இரண்டு விரல் போனது. நம் பக்கத்தில் நின்ற மாரிக்குத் தலையில் கட்டையடி. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். சாகவில்லை, இன்றுவரை எழுந்து நடக்கவும் இல்லை. அவன் அம்மா எழுபது வயதில் அவனைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறாள்.

கோயிலைப் பூட்டினார்கள். ஊர் இரண்டாகப் போனது. டீக்கடை இரண்டு, பஸ்ஸுக்கு நிற்கிற மரம் இரண்டு. ஒரு பக்கத்து நல்லது கெட்டதுக்கு மறுபக்கம் போவது கிடையாது. கேஸுக்காக ராமநாதபுரத்துக்கு நீ அலைந்த அலைச்சலில் மிளகாய் செடியிலேயே சொத்தையாகிப் போனது. களத்தில் வற்றலைக் கிளறிக்கொண்டிருக்கும்போது ஒருநாள் வலது கை தொங்கிவிட்டது, வாய் கோணிவிட்டது. நான்கு மாதம் கிடந்தாய். அந்த நான்கு மாதமும் நான் வந்து உனக்குத் துணி மாற்றினேன், சோறு ஊட்டினேன், பிரஷர் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் இன்று சொல்லிவிடவேண்டும் என்றுதான் வருவேன். உன் குழறின வாயில் கடைசிவரை வந்தது, "அவன் எறக்குனான்... அவன் எறக்குனான்". நான் உன் எச்சிலைத் துடைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். உன்னைக் காப்பாற்றத்தான் சொல்லவில்லை, சொன்னால் பிரஷர் ஏறும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நர்ஸ் படிப்பு அதற்குத்தான் உதவியது.

உன்னைத் தூக்கிப்போன அன்று சண்முகண்ணன் ஊருணியின் எதிர்க்கரையில், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வெயிலில் நின்றார். அவர் அனுப்பிய கோடித்துணியை நம் ஆட்கள் திருப்பி எறிந்தார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

புதன்கிழமை பகலில் அந்த வீட்டுக்குப் போனேன். பதினோரு வருடம் கழித்து. கேட்டுக்கு இரண்டு பூட்டு. சர்க்கரையில் அவருக்கு ஒரு கால்விரல் எடுத்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய வீட்டில் கீழே ஒரே ஒரு அறையில் கட்டில் போட்டுக் கிடக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"அன்னைக்கு நடந்தது ஒங்களுக்குத் தெரியும்லண்ணே. நான் மாத்திச் சொன்னேன்னும் தெரியுமா?" என்றேன்.

"மறுநாளே அண்ணன் என்னைய வழி மறிச்சு, ஏலே, ஒனக்கு அவ்வளவு திமிரான்னு கேட்டாருல்ல. அப்பவே தெரிஞ்சுபோச்சு நீ என்ன சொல்லியிருப்பேன்னு."

"பெறகு ஏண்ணே உள்ளதச் சொல்லல?"

கட்டில் கயிற்றைத் தடவினார். "சொன்னா அண்ணன் அப்பறம் ஒன் வாசப்படிய மிதிப்பாரா? எனக்கு அண்ணன் இல்லாமப் போயிட்டாரு. ஒனக்காச்சும் பொறந்த வீடு இருக்கட்டும்னு விட்டுட்டேன்" என்றார். பிறகு அவராகவே சொன்னார்: "அம்புட்டும் ஒனக்காகன்னு நெனைக்காத. அன்னைக்கு என் தட்டு மொதல்ல எறங்குனது எனக்கும் நல்லாத்தேன் இருந்துச்சு சரசு. அத வெளிய சொல்ல வெக்கம்."

வெள்ளிக்கிழமை போஸிடம் மன்னிப்புக் கேட்டுவிடப் போவதாகச் சொன்னார். செய்யாத தப்புக்கு. "கேட்டா அவனுக்கு ஆறும்னா கேட்டுட்டுப் போறேன். எம்மகங்கெதேன் ஒத்துக்கமாட்டேங்கிறாங்கெ. அரிவாள ஒளிச்சு வச்சிருக்கேன்" என்றார். அரிவாளை ஒளித்து வைக்கிற அப்பன் அங்கே. கையை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உன் மகன் இங்கே. அவர் மன்னிப்புக் கேட்டால் அவர் மகன்களுக்கு அது ஆறாது. கேட்காவிட்டால் போஸுக்கு ஆறாது. எப்படிப் போனாலும் ஒரு உயிர் போகும் அண்ணே. உன்னை அனுப்பி வைத்தது போதாதா எனக்கு?

கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு நம் ஊர்க்கூட்டத்தில் இடம் கிடையாது என்று எனக்குத் தெரியும். போகத்தான் போகிறேன். வெள்ளிக்கிழமை அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் நின்று, முதல் தட்டை இறக்கச் சொன்னது நான், அண்ணனிடம் பொய் சொன்னது நான், சண்முகண்ணன் பொறு என்று இரண்டு தடவை சொன்னார் என்று சொல்வேன். மாரியின் அம்மாவும் அங்கே இருக்கவேண்டும் என்று ஆள் அனுப்பியிருக்கிறேன். அவள் என்னை என்ன செய்தாலும் பட்டுக்கொள்வேன்.

நான் சொல்வதால் அந்த மாடி ஒரு அடியும் குறையப்போவதில்லை. நாளைக்கு வேறொரு வீட்டில் வேறொரு பொய்யை வேறொருவன் ஒரு நொடியில் நம்பத்தான் போகிறான். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. நான் பற்றவைத்ததை மட்டும்தான் என்னால் அணைக்க முடியும்.

போஸ் இனி என்னை அத்தை என்று கூப்பிடமாட்டான். மதினி கதவைச் சாத்துவார். நீ உயிரோடு இருந்தால் என்னை மன்னிப்பாயா என்று ஆறு வருடமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். மன்னிக்கமாட்டாய், உன் கோபம் எனக்குத் தெரியாதா? மன்னிக்கவும் வேண்டாம். ஆனால் உன் மகன் உயிரோடு இருப்பான் அண்ணே, அது என் பொறுப்பு. எனக்குப் பிறந்த வீடு இல்லாமல் போனாலும் போகட்டும்.

உன் தட்டை அடுப்படி வாசலில் வைக்கவிட்ட,
உன் கூடப்பிறந்த ஒரே தங்கச்சி,
சரசு